படகு மானியம், பாசித் தெப்பம்: விண்ணப்பித்தவர்கள் நடந்ததை எழுதுங்கள்

பாம்பன்காரன்:
பழைய இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டுச் சூரை மீன் பிடிக்கும் படகு வாங்குகிற, 80 லட்சம் ரூபாய் ஆழ்கடல் படகுத் திட்டம் எல்லோருக்கும் தெரியும். மத்திய அரசு பாதி, மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16, நம் கைக்காசு 8. அண்ணனோடு வங்கிக்குப் போயிருந்தேன். மேலாளர் எல்லாத் தாள்களையும் புரட்டிவிட்டு, "ஈடாக எந்தப் பத்திரம்?" என்றார். "வீடே புறம்போக்கில்தான் சார்." அவ்வளவுதான், கோப்பை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. 56 லட்சத்தை மானியமாகவே தருகிற அரசு, மீதி 16 லட்சத்துக்கு ஜாமீன் நிற்கக் கூடாதா?

மண்டபம் பாசிக்காரி:
எங்கள் குழுவுக்குக் கடற்பாசி வளர்க்க மூங்கில் தெப்பங்கள் வந்தன, பெண்களுக்கு 60 சதவீத மானியம். 45 நாளில் அறுவடை என்றார்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்துப் பாசி வெளுத்து உதிர்ந்தது. பார்வையிட வந்தவர் தெப்பங்களை எண்ணினார், புகைப்படம் எடுத்தார், ஒன்றைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. மதினி வெறும் கயிற்றை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "மூங்கில் தந்தீர்கள், விதைப்பாசியை யார் தருவது?" என்று கேட்டார். பதில் இல்லை.

தொண்டி:
பாம்பன் தம்பி, ஈடு ஒன்றுதான் தடை என்பதை நான் ஏற்க மாட்டேன். வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்புகிறவர்கள் நாம். சூரை பிடிக்க வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க வேண்டும். என் மைத்துனர் அப்படி ஒரு படகில் ஒரு நடை போனார்; தூண்டில் போடத் தெரிந்தவர் படகில் ஒருவர்தான். டீசல் செலவுக்கே மீன் கட்டவில்லை. படகுக்குக் கொடுத்த பணத்தில் சிறு பங்கையாவது ஆட்களைப் பழக்கச் செலவிட்டிருக்க வேண்டாமா? நீங்கள் முதலில் தூண்டில் தெரிந்த ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இழுவைப் படகை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள், கடன் அனுமதி எழுத்தில் வரட்டும். ஐஸ், டீசல் செலவுக்குக் கிசான் கடன் அட்டை கேளுங்கள். 2019 முதல் மீனவர்களுக்கும் உண்டு, இப்போது 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. மறுத்தால் எழுத்தில் காரணம் வாங்கி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் கொடுங்கள். ஆட்சியரின் மீனவர் குறைதீர்க் கூட்டத்திலும் மனு போடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பாம்பன்காரன்:
அண்ணே, அட்டை செலவுக்குத்தான் உதவும், படகு வாங்க உதவாது. நான் கேட்டது அந்த 16 லட்சம்.

மண்டபம் பாசிக்காரி:
தொண்டி அண்ணன், உங்கள் பக்கம் வளமாவூரில் 127 கோடியில் பாசிப் பூங்கா என்றார்களே, விதைப்பாசி அங்கே எங்களைப் போன்ற குழுக்களுக்குக் கிடைக்குமா? விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் தெப்பங்கள் கரையில் காய்கின்றன.