மகாராஜா, மெய்யழகன், கொட்டுக்காளி: எது தேறியது, எது சறுக்கியது (ஸ்பாய்லர் உண்டு)

கடைசிவரிசை:
தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த 2024 படங்கள் மூன்றை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். முடிவுகளை எல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள்.

மகாராஜா: குப்பைத்தொட்டியைக் காணோம் என்று, சலூன் கடைக்காரர் மகாராஜாவாக வரும் விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனில் வந்து நிற்கும் பகுதி அபாரம். அடி விழுந்தாலும் அதே கதையை அதே குரலில் திரும்பச் சொல்கிறார், சிரிப்பதா பயப்படுவதா என்றே தெரியவில்லை. கோபம் வந்தது அதற்கப்புறம்தான். திருடன் செல்வமாக வரும் அனுராக் காஷ்யப் வீடு புகுந்து திருடும் காட்சிகள் பல வருடம் முந்தையவை. அவற்றை இன்றைய காட்சிகளுக்கு நடுவே செருகி, எல்லாம் ஒரே சமயத்தில் நடப்பதாக நம்பவைக்கிறார் இயக்குநர் நித்திலன். கதைக்குள் இருப்பவர்களுக்கு எது முன்னே, எது பின்னே என்பதில் குழப்பமே கிடையாது. கண்ணைக் கட்டியது நமக்கு மட்டும். இதைத் திரைக்கதை என்று எப்படிப் பாராட்டுவது?

மெய்யழகன்: கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனாலும் வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்களே, சரியான வேலை.

கொட்டுக்காளி: மூன்றில் இதுதான் முதலிடம்.

ரீல்பெட்டி:
நமக்கு மட்டுமா? செல்வத்துக்கும் தானே கட்டியிருக்கிறது! சலூனில் அவன் விட்டுப்போன நகையைக் கொடுக்கத்தான் மகாராஜா அவன் வீடு தேடிப் போகிறான். அந்த நேரம் பார்த்து போலீஸ் வர, காட்டிக்கொடுத்தவன் இவன்தான் என்று செல்வம் முடிவுகட்டுகிறான். அந்த வன்மத்தில் யார் பெற்ற பெண்ணைச் சிதைக்கவிடுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. வரிசையாகச் சொல்லியிருந்தால் லாரி மோதியதில் செத்தது யார், அந்தக் குப்பைத்தொட்டிக்குள் பிழைத்த குழந்தை யாருடையது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துபோகும். அப்புறம் அவனுக்கு உண்மை உறைக்கும்போது நாம் 'உச்' கொட்டுவோம், அவ்வளவுதான். இப்போது அவனோடு சேர்ந்து நமக்கும் உறைக்கிறது.

கடைசிவரிசை:
குழந்தை யாருடையது என்பதை மட்டும் மறைத்திருந்தாலே போதுமே. காலத்தையும் ஏன் மறைக்க வேண்டும்? இது பழைய கதை என்று தெரிந்திருந்தாலும் அந்தக் கடைசி அடி விழத்தான் செய்யும். 'அடடா, என்னமா கோத்திருக்கான்' என்று நம்மைச் சொல்லவைக்கும் ஆசைதான் மிச்சமெல்லாம்.

நிலாமுற்றம்:
நீங்கள் இருவரும் காலக்கணக்கிலேயே நிற்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. வலி மகாராஜா தன் மகளாக வளர்த்த ஜோதிக்கு, தண்டனை அவளைப் பெற்ற செல்வத்துக்கு. அந்தத் தண்டனை முழுமையாக வேண்டும் என்பதற்காகவே அவளுக்கு அது நடக்கிறது. படம் பதைபதைப்பதெல்லாம் இரண்டு அப்பாக்களுக்காக.

ரீல்பெட்டி:
ஜோதியே வந்து செல்வத்தின் முகத்துக்கு நேராகப் பேசுகிறாளே, அது கணக்கில் வராதா?

நிலாமுற்றம்:
அந்தக் காட்சியை எடுத்துவிட்டுப் பாருங்கள், கதை இம்மியளவும் மாறாது. செல்வம் உடைவது தன் மகள் என்று தெரிவதால். வேறொருவர் மகளாக இருந்திருந்தால் அவள் என்ன பேசியிருந்தாலும் அவனுக்கு ஒன்றுமில்லை.

வெட்டாதபிரதி:
மெய்யழகனை ஒரே வரியில் தாண்டிப் போனால் எப்படி சார்? வெட்டிய பகுதியில் மெய்யழகனாக வரும் கார்த்தி ஜல்லிக்கட்டு, வரலாறு என்று பேசிக்கொண்டே போவார். அறுவை என்றார்கள். அவன் அப்படித்தான்! யாராவது கேட்டால் போதும் என்று கொட்டுகிற ஆள். அவன் பேசப் பேசத்தான், இவன் பேர்கூடத் தெரியவில்லையே என்று, பல வருடம் கழித்து ஊருக்கு வந்த அருள்மொழி (அரவிந்த்சாமி) உள்ளுக்குள் நெளிவதும் கூடுகிறது. ராத்திரியோடு ராத்திரியாகச் சொல்லாமல் ஓடுகிற அளவுக்கு அந்தக் குற்றவுணர்ச்சி முற்ற வேண்டாமா?

கடைசிவரிசை:
அந்த நெளிவுக்கு சைக்கிள் கதை ஒன்றே போதும். அருள்மொழி விட்டுப்போன பழைய சைக்கிளால் தங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று அவன் சொல்லுமிடத்தில் அரவிந்த்சாமி முகத்தைப் பாருங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை. எனக்கு நீளத்தைவிடப் பெரிய குறை, மெய்யழகனிடம் ஒரு குறைகூட இல்லாதது. கோபம், கஞ்சத்தனம், பொறாமை, ஏதாவது ஒன்று? இவ்வளவு நல்லவனுக்கு முன்னால் யார் நின்றாலும் குற்றவாளிதான். இயக்குநர் பிரேம்குமார் கொஞ்சம் சுலபமாக ஜெயித்துவிட்டார்.

வெட்டாதபிரதி:
பத்து பேரை வெட்டுகிற கதாநாயகனை நம்புகிறோம், பத்து பேருக்கு நல்லது நினைப்பவனை நம்ப மாட்டோமா?

இடைவேளை:
கொட்டுக்காளி முதலிடமா? பின்னணி இசை கிடையாது, வேறொருவனை விரும்பியதால் பேய் பிடித்ததாக வீட்டார் நம்பும் மீனா கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை, பேயோட்டும் சாமியாரிடம் ஆட்டோவிலும் பைக்கிலும் போகிறார்கள், போகிறார்கள், போய்க்கொண்டே இருக்கிறார்கள். போய்ச் சேர்ந்ததும் படம் முடிந்துவிட்டது. அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் பாண்டி (சூரி) என்ன செய்தான் என்றாவது சொல்லக் கூடாதா?

கடைசிவரிசை:
பேய் ஓட்டுகிறேன் என்று இன்னொரு பெண்ணை அந்தச் சாமியார் என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி கண்ணால் பார்க்கிறான். மீனாவை அடிக்க அதுவரை கூசாத கை. அந்த இடத்தில் சூரியின் முகம் மாறுவதற்காகத்தான் அவ்வளவு தூரம். இசை போட்டிருந்தால் எந்த இடத்தில் இரக்கப்பட வேண்டும் என்று வயலின் சொல்லிக்கொடுத்திருக்கும். இங்கே வண்டிச் சத்தமும் சேவலும்தான். இயக்குநர் வினோத்ராஜ் எதையும் ஒளிக்கவில்லை, எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் எல்லாம் சீக்கிரமே தெரிகிறது. தெரிந்தும் அடிவயிறு கலங்குகிறதே! மகாராஜாவுக்கு நான் சொன்னது இதைத்தான்.

ரீல்பெட்டி:
அதாவது முடிவைச் சொல்லாமல் விட்டால் கலை, தேதியைச் சொல்லாமல் விட்டால் மோசடி. ரொம்ப நன்றி.

நிலாமுற்றம்:
கடைசிவரிசை, ஒரு கேள்வி. ஜோதிக்கு நான் சொன்னது மீனாவுக்கும் பொருந்தாதா? படம் நெடுக அடம்பிடித்து நிற்பவள் அவள். முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் ஏன் பாண்டியின் தயக்கத்தில் போய் நிற்கிறது?

கடைசிவரிசை:
மீனா முடிவெடுத்துத்தானே வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். அடியோ மந்திரிப்போ அவளை அசைக்கவில்லை. வழியில் மாடு மறித்து நிற்கும் காட்சியையும் பாருங்கள். ஆம்பிளைகள் இத்தனை பேர் திணற, ஒரு சின்னப் பெண் வந்து அலட்டாமல் ஓட்டிக்கொண்டு போகிறாள். அதைப் படம் போகிறபோக்கில் வைக்கவில்லை.

நிலாமுற்றம்:
மாட்டை ஓட்டிப் பாதையைத் திறந்துவிட்டாள், சரி. அந்தப் பாதை போனது எங்கே? சாமியார் வாசலுக்கு.