பைக் பேட்டரி கொதிக்கிறது, ரெகுலேட்டரா பேட்டரியா?

வணக்கம் நண்பர்களே, பெங்களூரில் பைக் வயரிங் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். ஏழு வருடப் பழைய 150 சிசி வண்டி, தினமும் அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வரை ஓட்டுகிறேன். போன வாரம் சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது அழுகிய முட்டை நாற்றம், சாக்கடைதான் என்று நினைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சீட்டைக் கழற்றினால் பேட்டரியில் கை வைக்க முடியவில்லை, பக்கவாட்டில் லேசாக உப்பியும் இருந்தது. இதற்கு முன்பே ஹெட்லைட் பல்பு இரண்டு முறை ஃபியூஸ் போனது, அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். இன்ஜின் ஆஃபில் 12.3 வோல்ட், ஐடிலில் 14.1, ஆக்சிலரேட்டரை முறுக்கினால் 15.8 வரை ஏறுகிறது. 14.5 பக்கம் நிற்க வேண்டும் என்பது வரை தெரியும், அதனால் பேட்டரிக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபயர்தான் போயிருக்கும் என்பது என் கணக்கு. மெக்கானிக் அண்ணன் மீட்டரைத் தொடாமலே "பேட்டரி மாத்திடுங்க சார்" என்கிறார். ரெகுலேட்டரை அப்படியே விட்டுப் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் வெந்துவிடாதா?

அப்புறம், ரெகுலேட்டரின் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் வோல்டேஜ் இப்படி ஏறுமாமே, அதை எப்படிச் சோதிப்பது? இன்ஜினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலான ஸ்டேட்டரையும் பார்க்க வேண்டுமா? ஜே.சி. ரோட்டில் நல்ல ரெகுலேட்டர் கிடைக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள். இப்போதைக்குப் பேட்டரியைக் கழற்றி பால்கனியில் வைத்துவிட்டு, இரண்டு இடத்தில் மெட்ரோ மாறி ஆபீஸ் போகிறேன்.