டாட்நெட் இருக்கிறது, ஆனால் "இல்லை" என்கிறது என் இன்ஸ்டாலர்: பூ மார்க்கெட் பில்லிங், உதவி தேவை

மாட்டுத்தாவணி பில்லிங்

வணக்கம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் உள்ள கமிஷன் கடைகளுக்காக ஒரு பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறேன். எந்த விவசாயி எத்தனை கிலோ மல்லி கொண்டுவந்தார், என்ன விலைக்குப் போனது, கமிஷன் போக அவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று சிட்டை அடித்துக் கொடுக்கும். சி ஷார்ப்பில் எழுதியது, ஓட டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 (இப்படிப்பட்ட நிரல்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் அடித்தள மென்பொருள்) வேண்டும். கணக்கு முழுக்க எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் இருக்கிறது. இன்னோ செட்டப்பில் இன்ஸ்டாலர் செய்து பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடுகிறேன். பாதிக் கடைகளில் நெட் கிடையாது.

ஒன்பது கடைகளில் ஒரு தொல்லையும் இல்லை. இரண்டு கடைகளில் மாட்டிக்கொண்டேன்.

முதல் கடையில் புது விண்டோஸ் 11 கணினி. என் இன்ஸ்டாலர் "டாட்நெட் 4.8 இல்லை" என்று சொல்லி, நான் சேர்த்து வைத்திருக்கும் டாட்நெட் செட்டப்பை ஓட்டுகிறது. அதுவோ "இதே பதிப்போ இதற்குப் பிந்தையதோ ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிடுகிறது. நடுவில் என் மென்பொருள் ஏறவே மாட்டேன் என்கிறது.

இரண்டாவது கடையில் பழைய விண்டோஸ் 7, 32 பிட், நெட் இல்லை. அங்கே டாட்நெட் உண்மையாகவே இல்லை. செட்டப் பாதி போய்த் தோற்றுவிடுகிறது. சான்றிதழ் சங்கிலி பற்றி ஏதோ ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது.

இந்த வாரம் முகூர்த்த நாள் வருகிறது. விடிவதற்கு முன்பே பூ வந்து இறங்கும், அந்த நேரத்தில் கடைக்காரர் கணினி முன்னால் காத்திருக்க முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலத்தான்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டாட்நெட் கூடவே வரும் நண்பரே. விண்டோஸ் பதிப்பு 10 அல்லது அதற்கு மேல் என்றால் சோதனையே செய்யாமல் விட்டுவிடுங்கள். 7 என்றால் மட்டும் டாட்நெட்டை ஓட்டுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தெப்பக்குளம் டெவ்

அப்படி விடக்கூடாது. விண்டோஸ் 10 என்ற ஒரே பெயரில் பல பதிப்புகள் உண்டு. 2015இல் முதலில் வந்ததில் இருந்தது டாட்நெட் 4.6. 4.8 கூடவே வர ஆரம்பித்தது 2019 மே மாத அப்டேட்டான 1903இல்தான். நெட் இல்லாத கடையில் வாங்கிய நாளிலிருந்து அப்டேட்டே பார்க்காத விண்டோஸ் 10 இருந்தால் உங்கள் வழி அங்கே கவிழ்ந்துவிடும். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பானையைத் திறந்து பார்க்க வேண்டும், வீட்டு நம்பரை வைத்துக் கணிக்கக் கூடாது.

கேள்வி கேட்ட தம்பிக்கு: டாட்நெட் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள்? அந்த வரி என்ன என்று சொன்னால்தான் மேலே பேச முடியும்.

மாட்டுத்தாவணி பில்லிங்

விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில்தான் பார்க்கிறேன் அண்ணே. ஹெச்கேஎல்எம் கீழே சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், நெட் ஃபிரேம்வொர்க் செட்டப், என்டிபி, வி4, ஃபுல் என்று இறங்கினால் ரிலீஸ் என்று ஒரு எண் இருக்கிறது. என் லேப்டாப்பில் அது 528372. அந்த எண்ணுக்குச் சமமாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் டாட்நெட் செட்டப்பை ஓட்டு என்று எழுதியிருக்கிறேன்.

தெப்பக்குளம் டெவ்

பிடித்துவிட்டோம். இடம் சரி, ஒப்பீடு தவறு.

ஒரே 4.8க்கே நான்கு எண்கள் உண்டு. விண்டோஸ் 10இன் 2019 அப்டேட்களில் 528040. 2020 மே அப்டேட்டிலிருந்து 528372, உங்கள் லேப்டாப் இந்த வகை. விண்டோஸ் 11 முதலில் வந்தபோது 528449. விண்டோஸ் 7 போன்ற மற்றவற்றில் நாமாகப் போட்டால் 528049. அப்புறம் விண்டோஸ் 11இன் 2022 அப்டேட்டில் 4.8.1 வந்துவிட்டது, அதன் எண் 533320. அந்தக் கடையில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே சமமா என்று கேட்காதீர்கள். 528040 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று கேளுங்கள். 4.5க்குப் பிறகு வந்த பதிப்புகள் எல்லாம் பழையதன் மேலேயே ஏறி உட்காருபவை, அதனால் பெரிய எண் இருந்தால் உங்கள் நிரல் ஓடும். உங்கள் ஒன்பது கடைகளும் தப்பித்தது அவை எல்லாம் உங்கள் லேப்டாப் மாதிரியே இருந்ததால்தான். இதை இப்போதே திருத்தாவிட்டால் விண்டோஸ் 7 கடையிலும் 4.8 நல்லபடியாக ஏறிய பிறகுகூட உங்கள் இன்ஸ்டாலர் "இல்லை" என்றுதான் சொல்லும்.

இன்னொன்று. இன்னோ செட்டப் 6இல் இதற்கென்றே இஸ்டாட்நெட்இன்ஸ்டால்டு என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நெட்48 என்று கொடுத்தால் அந்தப் பதிப்போ அதற்கு மேலோ இருந்தால் ஆம் என்று சொல்லும். ரெஜிஸ்ட்ரி எண்ணை நீங்கள் தூக்கிச் சுமக்கவே வேண்டாம்.

உசிலம்பட்டி சர்வீஸ்

விண்டோஸ் 7 விஷயம் நான் சொல்கிறேன், எங்கள் பக்கம் இன்னும் பல கடைகளில் அதுதான் ஓடுகிறது. முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் 4.8 ஏறாது.

சான்றிதழ் செய்தி வருவதற்குக் காரணம் நெட் இல்லாததுதான். டாட்நெட் செட்டப்பில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்க "மைக்ரோசாஃப்ட் ரூட் சர்டிஃபிகேட் அத்தாரிட்டி 2011" என்ற மூலச் சான்றிதழ் கணினியில் இருக்க வேண்டும். நெட் இருந்தால் விண்டோஸ் தானே போய் எடுத்துக்கொள்ளும். நெட்டும் இல்லை, அப்டேட்டும் பார்த்ததில்லை என்றால் அந்தச் சான்றிதழ் அங்கே இருக்காது. செட்டப் கோப்பில் ஒரு குறையும் இல்லை, திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். நான் ஒருமுறை இரவு முழுக்க அப்படித்தான் அலைந்தேன்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே அந்தச் சான்றிதழ் கோப்பை எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள். அட்மின் உரிமையுள்ள கமாண்ட் திரையில் செர்ட்யூட்டில் கட்டளையில் ஆட்ஸ்டோர், ரூட், கோப்பின் பெயர் என்று கொடுத்தால் ஏறிவிடும். அதன் பிறகு டாட்நெட்டை ஓட்டுங்கள். வேறு யாரோ கொடுத்த சான்றிதழ் கோப்பை மட்டும் ஏற்றவே கூடாது. கடைக்காரரின் கணினி முழுவதையும் திறந்து விடுவது மாதிரி அது.

மாட்டுத்தாவணி பில்லிங்

இருவருக்கும் நன்றி. விண்டோஸ் 11 கடை சரியாகிவிட்டது, டாட்நெட் பக்கமே போகாமல் நேராக ஏறியது.

விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் 1 இருந்தது. சான்றிதழ் போட்டதும் டாட்நெட் முழுதாக ஓடி முடிந்தது. ஆனால் என் இன்ஸ்டாலர் "டாட்நெட் நிறுவுவதில் பிழை, எண் 3010" என்று சொல்லி நிறுத்திவிட்டது. பூஜ்ஜியம் வராவிட்டால் பிழை என்று எழுதியிருக்கிறேன்.

தெப்பக்குளம் டெவ்

3010 பிழை இல்லை தம்பி. வேலை முடிந்தது, கணினியை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும் என்று அர்த்தம். 1641ம் வெற்றிதான், ஆனால் ரீஸ்டார்ட் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். அது நடுவில் வந்து குழப்பாமல் இருக்கத்தான் டாட்நெட்டை ஓட்டும்போது நோரீஸ்டார்ட் சுவிட்சைச் சேர்க்கச் சொல்வது. 1602 என்றால் பயனர் ரத்து செய்துவிட்டார். 1603 வந்தால் உண்மையான தோல்வி. 5100 என்றால் அந்தக் கணினி தகுதி பெறவில்லை, சர்வீஸ் பேக் இல்லாத விண்டோஸ் 7 மாதிரி.

இந்தச் சோதனை, நிறுவுதல் எல்லாவற்றையும் ப்ரிப்பேர்-டு-இன்ஸ்டால் (PrepareToInstall) என்ற இன்னோ செட்டப் ஃபங்ஷனுக்குள் வையுங்கள். அது உங்கள் கோப்புகள் எதுவும் ஏறுவதற்கு முன்பே ஓடும். வெற்றுச் சரத்தைத் திருப்பினால் வேலை தொடரும். ஒரு வாக்கியத்தைத் திருப்பினால் அதைத் திரையில் காட்டிவிட்டு நிற்கும். அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். "பிழை 1603" என்று கண்டால் கடைக்காரருக்கு என்ன புரியும்? "டாட்நெட் ஏறவில்லை, இந்தத் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்" என்று இருந்தால் அவர் பதறமாட்டார். 3010 வந்தால் நீட்ஸ்ரீஸ்டார்ட்டை உண்மை என்று வைத்து, மூடித் திறந்துவிட்டு மறுபடி இன்ஸ்டாலரை ஓட்டும்படி ஒரு வாக்கியம் கொடுங்கள்.

மாட்டுத்தாவணி பில்லிங்

மூடித் திறந்து மறுபடி ஓட்டினேன், முழுதாக ஏறியது. நிரலும் திறக்கிறது. ஆனால் முதல் சிட்டை போட்டதும் எஸ்க்யூலைட் இன்டராப் டிஎல்எல்லை (நிரல் ஓடும்போது சேர்த்துக்கொள்ளும் துணைக் கோப்பு) ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை என்று வருகிறது. அந்த டிஎல்எல் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். மற்ற கடைகளில் இப்படி வந்ததே இல்லை.

உசிலம்பட்டி சர்வீஸ்

நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். கிடைக்கவில்லை என்று அது சொல்வது அந்த டிஎல்எல்லை மட்டும் இல்லை, அதற்குத் தேவையான இன்னொன்றாகவும் இருக்கலாம். சி++இல் எழுதியவை ஓடத் தேவையான விசுவல் சி++ ரன்டைம் அந்தக் கணினியில் இருக்கிறதா பாருங்கள். மற்ற கடைகளில் வேறு ஏதாவது மென்பொருள் அதை முன்பே கொண்டுவந்து போட்டிருக்கும்.

தெப்பக்குளம் டெவ்

அதேதான். 2015 முதல் 2022 வரை விசுவல் சி++ ரன்டைம் எல்லாம் 14 என்ற ஒரே வரிசை, ஒன்று போட்டால் போதும். ஆனால் 32 பிட் நிரலுக்கு 32 பிட் ரன்டைம்தான் வேண்டும், விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும். இதில் பலரும் தடுக்கி விழுவார்கள். ஏற்கெனவே புதிய ரன்டைம் இருக்கும் கணினியில் பழையதை ஓட்டினால் 1638 வரும், அதையும் தோல்வியாக எடுக்காதீர்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், எஸ்க்யூலைட்டை எந்த ஜிப்பிலிருந்து எடுத்தீர்கள்? அதே தளத்தில் ஸ்டாட்டிக் என்று பெயரில் வரும் ஒரு தொகுப்பு உண்டு. அதில் ரன்டைம் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். அதை எடுத்தால் ரன்டைமைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

மாட்டுத்தாவணி பில்லிங்

ஸ்டாட்டிக் இல்லாத ஜிப்பைத்தான் எடுத்திருந்தேன். மாற்றிப் போட்டேன், விண்டோஸ் 7 கடையில் சிட்டை அடிக்கிறது. பழைய ஒன்பது கடைகளுக்கும் இதே புது இன்ஸ்டாலரைக் கொண்டுபோகிறேன்.

இனி பென் டிரைவில் டாட்நெட் 4.8 ஆஃப்லைன் செட்டப், சான்றிதழ் கோப்பு, என் செட்டப் மூன்றும் சேர்ந்தே இருக்கும். சான்றிதழை விண்டோஸ் 7 என்றால் மட்டும், டாட்நெட் இல்லாவிட்டால் மட்டும் ஏற்றும்படி எழுதிவிட்டேன். அண்ணன் சொன்ன மாதிரி செய்திகள் எல்லாம் தமிழில். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கடையிலேயே இருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

திருமங்கலத்தான்

நான் முதலில் சொன்னது தவறுதான். என் இன்ஸ்டாலரிலும் இன்றைக்கே மாற்றுகிறேன், வாடிப்பட்டியில் ஒரு கடையில் 2016இல் வாங்கிய விண்டோஸ் 10 கணினி அப்படியே இருக்கிறது.