சர்க்கரை நோயோடு பிரிட்டனுக்கு வந்தவர்கள் ஹே ஃபீவருக்கு எந்த மருந்தை வாங்குவது?

இங்கே மே மாத நடுவில் புல் பூக்கத் தொடங்கும். ஜூலை வரை அதன் மகரந்தம் காற்றில் இருக்கும். ஊரில் தும்மலே அறியாதவர்களுக்கும் இங்கு வந்து இரண்டு மூன்று கோடை கழிவதற்குள் கண் அரிப்பும் மூக்கொழுகலும் தொடங்கிவிடுவதுண்டு. இந்த மகரந்த ஒவ்வாமைதான் ஹே ஃபீவர். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் இதில் உடம்பு சுடாது. சுட்டால் அது வேறு நோய்.

நான் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவன். வந்த இரண்டாம் ஆண்டு ஜூனில் இதைச் சளி என்றே எண்ணி, வெந்நீரில் கலக்கும் எலுமிச்சைப் பொடியை ஒரு வாரம் குடித்தேன். இடையிடையே இஞ்சிச் சாற்றில் தேனும் சேர்த்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் 7-ஐ ஒட்டி நின்ற சர்க்கரை 10-ஐத் தாண்டியது. (இங்குள்ள கருவிகள் மில்லிமோலில் காட்டும், 18-ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வரும், அதாவது 10 என்பது 180.) மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட் அந்தப் பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஃபினைல்எஃப்ரின், சுக்ரோஸ் என்ற இரண்டு சொற்களையும் நகத்தால் தொட்டுக் காட்டினார். ஃபினைல்எஃப்ரினும் சூடோஎஃபிட்ரினும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பைத் தணிக்கவென்று சேர்க்கப்படுபவை. அட்ரினலின் போல வேலை செய்வதால் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடும். சுக்ரோஸ் என்பது சர்க்கரைதான். தேனும் ஒரு மேசைக்கரண்டிக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரையே. எனவே பெட்டியின் முன்பக்கத்துப் பெயரைப் பார்த்து வாங்காமல், பின்பக்கத்தில் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

மாத்திரையைப் பொறுத்தவரை ஒவ்வாமையைத் தணிக்கும் செட்டிரிசினும் லோரடாடினும் சர்க்கரையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் செட்டிரிசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சர்க்கரை நோயால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். ஆண்டுப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். குளோர்ஃபெனமைன் என்ற ஒவ்வாமை மாத்திரை தூக்கம் தரும். இன்சுலினோ, கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்து வரும் சோர்வும், மருந்தால் வரும் மயக்கமும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மூக்கடைப்பே பெரிய தொல்லை என்றால் என் முதல் தேர்வு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேதான். ஸ்டீராய்டு என்றதும் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். அந்த அச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை மூக்கினுள்ளேயே வேலை செய்பவை, சொன்ன அளவில் எடுத்தால் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும் என்பதால், தும்மல் தொடங்கிய பிறகு தேடாமல் மே தொடக்கத்திலேயே ஆரம்பிப்பது நல்லது. மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றே முன்னால் குனிந்து, வலது கையால் இடது நாசியிலும் இடது கையால் வலது நாசியிலும் வைத்து, முனை நடுச்சுவரைப் பாராமல் காதுப் பக்கம் சாயும்படி அடியுங்கள். பிறகு மெல்ல மூச்சிழுத்தால் போதும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் வேகமாக இழுத்துவிட்டீர்கள் என்று பொருள். கண் அரிப்புக்குச் சோடியம் குரோமோகிளிகேட் சொட்டு மருந்து இருக்கிறது.

ஸ்ப்ரேயைக் கண்டு பயப்படும் அதே நண்பர்கள், ‘ஒரே ஊசி, கோடை முழுக்க நிம்மதி’ என்ற தனியார் கிளினிக்குகளின் பேச்சை நம்பிவிடுவதுதான் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அது ட்ரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டு. உடல் முழுவதும் பரவி வாரக்கணக்கில் தங்கும், போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது, சர்க்கரை கடுமையாக ஏறலாம். இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இதை ஹே ஃபீவருக்குக் கொடுப்பதில்லை. பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையும் சர்க்கரையை ஏற்றுவதே. காலையில் விழுங்கினால் பிற்பகலிலும் மாலையிலும் ஏற்றம் தெரியும். ஜிபி, அதாவது குடும்ப மருத்துவர், அதை எழுதும் நிலை வந்தால், எத்தனை முறை சோதிப்பது, சர்க்கரை மருந்தின் அளவை மாற்றுவதா என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருந்துச் சீட்டுக் கட்டண விலக்குச் சான்றிதழ் பெறலாம், அதற்கான எஃப்.பி.92ஏ படிவம் ஜிபி அலுவலகத்தில் கிடைக்கும். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. சாதாரண ஹே ஃபீவர் மருந்துகளைப் பெரும்பாலும் கடையில் நாமேதான் வாங்க வேண்டும் என்பதால், வாங்கும்போது, நீங்கள் சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஃபார்மசிஸ்டிடம் காட்டுங்கள். அந்த ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.