அனுபவப் பகிர்வு: நெவாத்திம் பாட்டியின் நோட்டு

நெகேவ்தமிழன்:
இஸ்ரேல்ல நெகேவ் பாலைவனத்துல இருக்கிற நெவாத்திம், கேரளாவுல இருந்து வந்த கொச்சி யூதர் ஊர்னு இங்க பலருக்கும் தெரியும். லேப்ல கூட வேலை பார்க்கிற பொண்ணோட பாட்டி வீடு அங்கதான். 1954-ல பத்து வயசுல வந்தவங்க. "நாட்டில் எவிடெயா?"ன்னாங்க. சென்னைன்னதும் உள்ள போய் அவங்க அம்மாவோட நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. பழுப்பேறின தாள், கல்யாணப் பாட்டு, எல்லாம் மலையாள எழுத்து. "கண்ணு காணில்லா, இதொந்நு வாயிச்சு தா மோனே." எனக்கு 'ண' மட்டும்தான் அடையாளம் தெரிஞ்சுது. பேத்திக்கு ஹீப்ரு மட்டும்தான். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துட்டு, பக்கத்து மேல விரலை வெச்சு, ஞாபகத்துல இருந்தே ரெண்டு அடி பாடினாங்க. விரல் வரி மாறவே இல்ல.

ஊர்ல யாரும் அவங்களுக்கு ஒரு தொந்தரவும் பண்ணல. ஆனாலும் கிளம்பி வந்தாங்க.

கோவை_ராகவி:
தொந்தரவே இல்லன்னு எழுதாதீங்க. 1662-ல கொச்சி மட்டாஞ்சேரியில இருக்கிற பரதேசி ஜெப ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் சூறையாடினாங்க. அதைவிட வலிக்கிறது உள்ளுக்குள்ள நடந்தது. அடிமை வழி வந்தவங்கன்னு சொல்லி யூதர்லயே ஒரு பிரிவுக்கு அதே ஆலயத்துல சம இடமே தரல. அந்தப் பிரிவைச் சேர்ந்த வக்கீல் ஏ.பி. சேலம் அதுக்காகச் சத்தியாகிரகம் பண்ணார். நான் போனப்ப வெறுங்காலோட அந்த நீலம்-வெள்ளை சீன ஓட்டு மேல நின்னேன், சில்லுன்னு இருந்துச்சு. "வக்கீல் சேலத்தோட ஆளுங்க எங்க உட்காருவாங்க?"ன்னு கூட வந்த வழிகாட்டியைக் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்கு மேடம்"னு சரவிளக்கைக் காட்டினார். அந்த பதில் இன்னும் உறுத்துது.

பழனிவேல்_மதுரை:
அந்த ஆலயத்துக்கு நான் போனது சனிக்கிழமை, யூதர்களோட ஓய்வு நாள், கதவு பூட்டியிருந்தது. தம்பி, நீங்க முதல்ல அந்த நோட்டை ஒரு பக்கம் விடாம போட்டோ எடுங்க. ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். எந்தப் பாட்டு எந்தப் பக்கம்னு பாட்டியையே சொல்லச் சொல்லி, பாடறதையும் அதே உட்கார்வுல பதிவு பண்ணிடுங்க. அது இன்னிக்குப் பேசற மலையாளம் இல்ல. பழைய சொல்லும் ஹீப்ருவும் கலந்திருக்கும், படிக்கத் தெரிஞ்சாலும் அவங்க குரல் இல்லாம பாதி புரியாது. ஜெருசலேம் தேசிய நூலகத்து ஒலிக் காப்பகத்துல கொச்சிப் பெண்கள் பாட்டு இருக்கு, ஒப்பிட்டுப் பாருங்க. ராகவி, நீங்க கேரளாவுலயே பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்களையும் பாருங்க. ரெண்டும் இப்ப மியூசியம்.

நெகேவ்தமிழன்:
ராகவி சொன்னது சரி, அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. ஐயா, பேத்திகிட்ட சொன்னேன். முதல் பக்கம் அனுப்பியிருக்கா. மலையாளம் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?