மறுமொழி: நான்-டிஸ்க்ளோசிவ் அனாலிசிஸுக்குத் தமிழ்ல என்ன சொல்?

> தனியுரிமை பேணும் பகுப்பாய்வுன்னே வச்சுக்கலாமே தம்பி, புதுசா எதுக்கு?

வணக்கம் ஐயா. நான்-டிஸ்க்ளோசிவ் (non-disclosive) அனாலிசிஸ்னா தனி ஆளோட விவரம் வெளிய தெரியாம டேட்டாவைக் கணக்குப் போடறது. நீங்க சொன்ன பேரை வச்சுக்கலாம்தான், ஆனா அது நோக்கத்தை மட்டுந்தான் சொல்லுது. பேரை அழிச்சுட்டு எக்ஸெல் ஷீட்டை மெயில்ல தள்ளிவிடுறவங்களும் தனியுரிமை பேணுறோம்னுதான் சொல்றாங்க. நான் ரெண்டு மாசமா அதுக்குன்னே இருக்கற டேட்டாஷீல்டுங்கற மென்பொருளைப் படிச்சுட்டு இருக்கேன், அதுல டேட்டா இருக்கற இடத்தை விட்டு அசையாது, நாம ஆர் (R) மொழில எழுதற கமாண்டுதான் அங்கிட்டு டேட்டாவை வச்சிருக்கற ஓபல் சர்வருக்குப் போகும், அங்கயே கணக்குப் போட்டு சராசரி மாதிரி சுருக்கம் மட்டும் இங்கிட்டு வரும். ரிக்ரஷனும் (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு பார்க்கற கணக்கு) அப்படித்தான், மூணு ஆஸ்பத்திரின்னா மூணும் தன் பங்குக் கூட்டலை அனுப்பும், நாம சேர்த்து புது மதிப்பு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்புவோம், விடை அசையாம நிக்கற வரைக்கும் இப்படியே போய்வரும், கடைசில எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டிக் கணக்குப் போட்டா வர்ற அதே விடைதான். ஒரு ஆளோட டேட்டா வரியைக்கூட நாம பார்த்திருக்க மாட்டோம்.

எங்க பக்கத்தையே எடுத்துக்குங்க. பாம்பன்லருந்து ஏர்வாடி வரைக்கும் கடல்பாசி எடுக்கற அக்காமாரோட உடம்பு பத்தி ஒரு சர்வேன்னு வைங்க. ஊர்வாரியா, வயசுவாரியா டேபிள் போட்டா ஒரு கட்டத்துல ரெண்டு பேர்னு வரும். பேரே வேண்டாம், டீக்கடைல கேட்டா யாருன்னு சொல்லிருவாங்க. டேட்டாஷீல்டு அந்த டேபிளைத் தராது, சர்வர்காரங்க மாத்தி வைக்கலைன்னா மூணுதான் குறைஞ்சபட்ச எண்ணிக்கை. இது தெரியாம என் கோடுலதான் தப்புன்னு பாதி ராத்திரி முழிச்சுக் கெடந்தேன், அது வேற கதை.

கீழக்கரை அண்ணன் "திறவாப் பகுப்பாய்வு"ன்னு சொன்னாரு. அந்தக் காலத்துல முத்துச்சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விட்டாங்கல்ல, அதை வச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா டேட்டாஷீல்டு திறந்தமூல மென்பொருள், "திறவா"ன்னு பேர் வச்சா படிக்கறவன் தலைகீழாப் புரிஞ்சுக்குவான்.

அதான் என் பங்குக்கு: கண்படாப் பகுப்பாய்வு. யார் கண்ணும் படாம நடக்கற கணக்கு.

> கண்படை என்றால் சங்கத் தமிழில் உறக்கம். உறங்காப் பகுப்பாய்வு என்று ஆகிவிடாதா?

ஆகும் ஐயா, புறத்திணைல கண்படை நிலைன்னு துறையே இருக்கு. ஆனா இன்னைக்கு "கண்ணு பட்ரும்"னு சொன்னா தூக்கம்னு எவரும் நினைக்க மாட்டாங்க, திருஷ்டின்னுதான் நினைப்பாங்க, அதுவும் நமக்குத் தோதுதானே, திருஷ்டிலயும் டேட்டாலயும் பார்வையாலதான் கேடு.

> அண்ணே, கண்ணுல படாமலே ஆளைப் பிடிச்சுரலாமே? எல்லாரோட சராசரி, ஒருத்தரை விட்டுட்டு சராசரி, ரெண்டையும் கழிச்சா போச்சு.

சரியாப் பிடிச்சீங்க தங்கச்சி, அந்த ஓட்டை இருக்கத்தான் செய்யுது, அதனாலதான் சாஃப்ட்வேரை மட்டும் நம்பி விடாம கையெழுத்து வாங்கிட்டு, தெரிஞ்ச ஆளுக்கு மட்டும் லாகின் தர்றாங்க. ஆக "கண்படா" வழியைச் சொல்லும், முழுக் காவல்னு சொல்லாது. "தனியுரிமை பேணும்"ங்கறதுதான் அந்த வாக்குறுதியைக் கொடுத்துட்டு மாட்டிக்குது. நான் கண்படாவுக்கே ஓட்டுப் போடுறேன்.

அந்த மூணுக்குக் கீழ வர்ற கட்டத்துக்கும் ஒரு பேர் வேணும். "கண்படு கட்டம்"னு இப்போதைக்கு எழுதி வச்சிருக்கேன், ஐயா பார்த்துச் சொல்லுங்க.