மின்சுற்று பாடம்: திரையில் சிமுலேஷனா, கையில் செல்லும் பல்புமா?

மாம்பலம் சயின்ஸ்:
7ஆம் வகுப்பு மின்சுற்றுக்கு சிமுலேஷனே போதும் என்பது என் கட்சி. திரையிலேயே செல், பல்பு, வயரை இணைத்துப் பார்க்கிற சிமுலேஷன், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சர்க்யூட் கிட். அதை முன்பே இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். 40 நிமிஷப் பீரியடில் பத்துக் குழுவுக்குப் பொருள் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். திரையில் வயருக்குள் எலெக்ட்ரான் நகர்வது தெரிகிறது. கையிலிருக்கும் வயரில் அது தெரியுமா?

பெரம்பூர் டீச்சர்:
ஏற்க மாட்டேன் சார். சிமுலேஷனில் லூஸ் கான்டாக்ட் கிடையாது. எரியாத பல்பை எரியவைக்கத் தேடுகிற அந்தப் பத்து நிமிஷம்தான் பாடமே. முதலில் பல்பின் அடிமுனையைச் செல்லின் ஒரு முனையில் வைத்து, பல்பின் உலோகப் பக்கத்தை நல்ல வயர் ஒன்றால் மறுமுனையோடு இணைத்துப் பார்க்கணும். எரிந்தால் பல்பு சரி, தப்பு மற்ற இணைப்பில். முனை சரியாகச் சீவியிருக்கா, எனாமல் கம்பியென்றால் பூச்சைச் சுரண்டியாச்சா, இரண்டு செல்லும் ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கப் பழகுவார்கள்.

நேரம் போவது பொருளை மொத்தமாகப் பரப்பி வைப்பதால்தான். 40 பிள்ளைகளுக்கு நாலு பேர் குழு என்றால் பத்து ஜிப் கவர். ஒவ்வொன்றிலும் 2 ஏஏ செல், 2.5 வோல்ட் டார்ச் பல்பு 2, ஹோல்டர் 2, இருமுனையும் ஒன்றரை சென்டிமீட்டர் சீவிய 15 சென்டிமீட்டர் வயர் 5. உபரியாக 5 பல்பு. எல்லாம் சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். எண்ணிக்கையைக் கவர் மேலேயே எழுதிவிட்டால் குழுவே சரிபார்த்துத் திருப்பித் தரும்.

மாம்பலம் சயின்ஸ்:
உங்கள் ஜிப் கவர் பொருள்களே தப்பான பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் மேடம். இரண்டு பல்பைத் தொடரில் போட்டால், ஒரே டப்பாவில் வாங்கியதாகவே இருந்தாலும், இழையின் சிறு வித்தியாசத்தால் ஒன்று பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் எரியலாம். "முதல் பல்பு கரன்ட்டைக் குடிச்சிடுச்சு" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். சிமுலேஷனில் பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டர் ஒரே அளவு காட்டும்.

பெரம்பூர் டீச்சர்:
இரண்டு பல்பையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தது புது இடத்திலும் பளிச்சென்றே எரியும். வித்தியாசம் பல்பில், வரிசையில் இல்லை. இதை அவர்களே கண்டுபிடித்த பிறகு அம்மீட்டரைத் திரையில் காட்டுங்கள், மனசில் நிற்கும்.

அண்ணா நகர் கணக்கு:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கை வைப்பதற்கு முன்னால் "என்ன ஆகும்?" என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லியாக வேண்டும். ப்ளிக்கர்ஸ் அட்டை போதும், அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரு விடையைக் குறிக்கிற, கறுப்பு வடிவம் அச்சிட்ட அட்டை. பிள்ளைகளுக்கு போன் வேண்டாம். விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி அட்டையைப் பிடித்தால், ஆசிரியரின் ஒரே போன் கேமரா படித்துவிடும். லேமினேட் மட்டும் பண்ணாதீர்கள், டியூப்லைட் பளபளப்பில் கேமராவுக்குத் தெரியாது. விரல் கறுப்பு வடிவத்தை மறைத்தாலும் படிக்காது, ஓரத்தில்தான் பிடிக்கணும். நேரம் ஓட ஓட மார்க் குறைகிற வினாடி வினா இங்கே வேண்டவே வேண்டாம். யோசிக்கிற பிள்ளை தோற்று, குத்துமதிப்பாக அமுக்குகிற பிள்ளை ஜெயிக்கும்.

மாம்பலம் சயின்ஸ்:
அட்டை சரி, தொடர் இணைப்பில் ஜிப் கவர் பொருள்களையும் ஏற்கிறேன். ஷார்ட் சர்க்யூட்டுக்கு என்ன வழி? திரையில் பேட்டரி தீப்பிடித்தாலும் யாருக்கும் ஒன்றுமில்லை.

பெரம்பூர் டீச்சர்:
சாதாரண கார்பன் ஜிங்க் செல் மட்டும் கொடுக்கணும். அதன் உள்மின்தடை அதிகம், ஷார்ட் ஆனாலும் பாயும் மின்னோட்டம் குறைவு. ஆல்கலைனும் ரீசார்ஜ் செல்லும் நன்றாகச் சூடாகும், பவர் பேங்க் பக்கமே போகக்கூடாது. செல் சூடானால் உடனே ஒரு வயரைக் கழற்று, இதுதான் முதல் விதி.

மாம்பலம் சயின்ஸ்:
அங்கேதான் மாட்டுகிறீர்கள். அதே உள்மின்தடையால், பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு மங்கும். மங்காது என்றுதானே நாம் கற்பிக்கிறோம்?

பெரம்பூர் டீச்சர்:
அது நியாயம். பக்க இணைப்புக்கு மட்டும் புது பெரிய டார்ச் செல் இரண்டை ஆசிரியர் மேஜையில் வைத்துக் காட்டலாம், மங்குவது மிகக் குறைவாக இருக்கும். அந்தச் செல் ஷார்ட் ஆனால் அதிகம் சூடாகும், அதனால் பிள்ளைகள் கையில் வேண்டாம். அந்த ஒரு பகுதிக்குக் குழு வேலையை விட்டுவிட்டு உங்கள் திரையைப் போடுங்கள்.